என் அலறலை அலறலாகவே எடுத்துக்கொள்ளக் கோரி

அனுப்புநர்:
பின்னணிக் குரல் கலைஞர்,
தரைத்தளம், தண்ணீர்க் குழாயை ஒட்டிய வீடு.
(பெயர், தெரு, கைபேசி எண் ஆகியவை கடைசித் தாளின் பின்பக்கத்தில் உள்ளன. முன்பக்கத்தில் எழுதாததன் காரணம் பத்தி 6-இல்.)

பெறுநர்:
காவல் உதவி ஆணையர் அவர்கள்,
உதவி ஆணையர் அலுவலகம்.

பொருள்: கார்ட்டூன் தொடரில் கரடி அடிபடுவதைப் போலவே என்னை அடிபட வைத்து, என் அலறலைப் பதிவு செய்துவரும் எதிர்வீட்டுக்காரர் மீது நடவடிக்கை எடுக்கவும், என் மனைவியின் உயிரைக் காக்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்துக் காவல் நிலையத்தில் நான் நேரில் சொன்ன புகார் (பதிவு செய்யப்படவில்லை).

பெருமதிப்புக்குரிய ஐயா,

1. வயது வந்தவர்களுக்கு மட்டும் என்ற எச்சரிக்கையோடு சனிக்கிழமை மாலைகளில் இணையத்தில் வெளியாகும் கார்ட்டூன் தொடர் ஒன்றில், பெயின்டர் வேலை பார்க்கும் கரடிக்கு நான் குரல் கொடுத்து வருகிறேன். வசனம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கரடி ஏணியில் ஏறும். அணில் ஏணியை இழுக்கும். கரடி விழும். விழும்போது கத்த வேண்டும், அதுதான் என் வேலை.

2. தொடரை எடுப்பவர்கள் சின்ன வயதில் பார்த்த பழைய துரத்தல் படங்களின் மீது உயிரையே வைத்திருப்பவர்கள். அந்தப் படங்களில் ரோடு ரோலர் ஏறினால் ஆள் காகிதமாய்த் தட்டையாகி, உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு எழுந்து நடப்பான். இவர்கள் அதே ரோடு ரோலரை ஏற்றி, எலும்பு முறியும் சத்தத்தையும் ரத்தத்தையும் சேர்த்துக் காட்டுகிறார்கள். அடுத்த வாரம் கரடி முழுசாக வந்து நிற்கும். இந்தத் தொடரைத் தடை செய்யும்படி நான் கோரவில்லை என்பதைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். எங்கள் வீட்டு உலை அதனால்தான் கொதிக்கிறது. அது நல்ல தொடரும்கூட. கரடி அடிபடுவதைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும். சமீபகாலம் வரை வந்தது.

3. என் மனைவி தையல் வேலை செய்பவர். அவருக்குச் சிறு வயதிலேயே காய்ச்சலில் இரு காதும் கேட்காமல் போய்விட்டது. பேசுவார், எதிராளியின் உதட்டையும் முகத்தையும் பார்த்துப் புரிந்துகொள்வார். ஊரே கேட்ட என் குரலை வீட்டுக்காரி கேட்டதில்லை. தொடரைப் பார்த்துவிட்டு, "கரடி வாயத் தொறக்கறது அப்படியே நீங்க கொட்டாவி விடற மாதிரியே இருக்கு" என்று மட்டும் சொல்வார். இது இம்மனுவுக்குத் தேவையான தகவல் என்பதால் குறிப்பிடுகிறேன்.

4. அதே கட்டடத்தில் எங்கள் எதிர்வீட்டுக்குக் குடிவந்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி. சுமை தூக்கும் கப்பி, லிஃப்ட் போன்றவற்றைப் பொருத்தும் வேலை என்றார். நான் யார் என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். என் அலறல்களை எல்லாம் தனித்தனியாக வெட்டிக் கைபேசியில் சேர்த்து வைத்திருக்கிறார். மாடி வீடுகளுக்குத் தண்ணீர் கேன் தூக்கிக் கொடுப்பார், ஃப்யூஸ் போனால் போட்டுத் தருவார். ஆகவே எங்கள் கட்டடத்தில் அவரைப் பற்றி ஒரு சொல் தவறாகச் சொன்னால் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். தொடரின் இரண்டாம் பாகம் தொடங்கியதும் மேற்படி தம்பி என்னை வாசலில் நிறுத்திச் சொன்னது பின்வருமாறு: "தப்பா நெனைக்காதீங்கண்ணே. மொத பாகத்துல நீங்க நெஜமாவே கத்துனீங்க. இப்ப நடிக்கிறீங்க. கேட்டாத் தெரியுது." நானும் ஒரு ரசிகரின் குறை என்று சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டேன்.

5. அதன் பிறகு நடந்தவை:

(அ) கரடி சோப்புத் தண்ணீரில் வழுக்கிப் படிக்கட்டில் முதுகாலேயே இறங்கும் பகுதி வெளியான மறுவாரம், எங்கள் மாடிப்படியில் சோப்புத் தண்ணீர் ஊற்றப்பட்டிருந்தது. துணி உலர்த்தப் போன நான் முதுகாலேயே இறங்கினேன். கரடியாய்க் கத்தினேன். மேல் வீட்டில் "கரடி ஆரம்பிச்சிருச்சு டோய்" என்று கை தட்டினார்கள். நான் வீட்டில் பயிற்சி செய்வது அவர்களுக்குப் பழக்கம் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். தையல் மெஷின் அதிர்ந்ததைக் காலில் உணர்ந்து ஓடி வந்தவர் என் மனைவி ஒருவர்தான்.

(ஆ) கரடி சருகு வாரும் கோலின் பல்லை மிதித்து, அதன் காம்பு எழுந்து நெற்றியில் அறையும் பகுதிக்குப் பிறகு, எங்கள் கொல்லைச் சருகுக்குள் அப்படி ஒரு கோல் கிடந்தது. எங்களிடம் அப்படி ஒரு கோல் கிடையாது. தையல் போட்ட நர்ஸ் அம்மா எப்படி அடிபட்டது என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் ஊசி நின்று நின்றுதான் ஏறியது.

(இ) கரடி கதவைத் திறக்கும்போது கயிற்றில் தொங்கும் பெயின்ட் டப்பா ஊஞ்சலாக வந்து அடிக்கும் பகுதிக்குப் பிறகு, எங்கள் மாடிப்படிக் கதவைத் திறந்த என்னை நிரம்பிய பெயின்ட் டப்பா தோளில் அடித்தது. விலகாமல் இருந்திருந்தால் முகம். இன்றளவும் என் இடது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. இந்த முறை மேற்படி தம்பி ஒளிந்துகொள்ளவில்லை. படியில் உட்கார்ந்து கைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பதிவு செய்ததைக் காதில் வைத்துக் கேட்டார். அவர் கண்ணில் தண்ணீர். "இதாண்ணே, இதத்தாண்ணே கேட்டுட்டு இருந்தேன்" என்றார். பிறகு என்னைத் தூக்கிவிட்டதும் அவர்தான்.

6. அன்றே காவல் கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்தேன். வலியோடு பேசியதால் என் குரல் கரடியின் குரலாகவே வந்திருக்க வேண்டும். எடுத்தவர் அடையாளம் கண்டுகொண்டு, "அண்ணே, நீங்களா! ஒரே ஒரு தடவை கத்துங்கண்ணே, எல்லாரும் இங்கதான் இருக்கோம்" என்றார். காவல் நிலையத்துக்கு நேரில் போனேன். ஆய்வாளர் மரியாதையாக நாற்காலி போட்டார், படம் எடுத்துக்கொண்டார். சருகுக் கோல் வரைக்கும் அடக்கிக்கொண்டிருந்தவர் பெயின்ட் டப்பா வந்ததும் மேசையில் தலையைக் கவிழ்த்துவிட்டார். ஏட்டையா மட்டும் சிரிக்காமல், "கரடி விடாதீங்க சார், வேலை நெறைய கெடக்கு" என்றார். கரடி விடுவது என்றால் புளுகுவது. கரடியாய்க் கத்துவது என்றால் கேட்பாரில்லாமல் கத்துவது. எனக்கு இரண்டுமே பொருந்திப் போனது என் தலையெழுத்து. என் பெயரைப் பார்த்தாலே பலருக்குச் சிரிப்பு வந்துவிடுவதால்தான் அதைப் பின்பக்கத்தில் எழுதியுள்ளேன். எழுத்துக்குக் குரல் கிடையாது என்ற ஒரே நம்பிக்கையில் இந்த மனுவை எழுதுகிறேன்.

7. ஐயா, இதுவரை எழுதியது எனக்கு நேர்ந்தது. அதைப் பொறுத்துக்கொண்டு வேறு வீடு பார்த்துக்கொண்டு போயிருப்பேன். இனி எழுதுவதைத் தயவுசெய்து நிதானமாகப் படிக்கவும்.

8. தொடரின் கடைசிப் பகுதி நாளை மாலை வெளியாகிறது. அதன் முன்னோட்டத்தில் கரடியின் காலடியில் ஒரு நிழல் விழுந்து பெரிதாகிக்கொண்டே போவது மட்டும் காட்டப்பட்டது. பழைய படங்களைப் பார்த்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும். மேலிருந்து எதுவோ விழப்போகிறது. எது என்பதை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன். அந்த ஒப்பந்தத்தை மீறித் தங்களிடம் சொல்கிறேன். விழுவது இரும்புப் பீரோ.

9. கடந்த புதன்கிழமை காலை மேற்படி தம்பி எங்கள் வாசலுக்கு வந்தார். மனைவி உள்ளே துணி வெட்டிக்கொண்டிருந்தார். "மேலருந்து விழறது என்னண்ணே? பாறையா? பியானோவா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் வாயே திறக்கவில்லை. "பீரோவா?" என்றார். அப்போதும் திறக்கவில்லை. ஆனால் ஐயா, நான் குரலில் எதையும் மறைத்துவிடுவேன், முகத்தில் மறைக்கப் பழகவில்லை. முகத்துக்கு எனக்குச் சம்பளம் கிடையாது. அவர் பார்த்துவிட்டார், சிரித்தார். பிறகு உள்ளே என் மனைவியை எட்டிப் பார்த்துவிட்டு, மிகவும் அன்பாக, பின்வரும் சொற்களைச் சொன்னார்: "அண்ணி கத்தி நான் கேட்டதே இல்லையேண்ணே."

10. அந்த நேரத்தில் நான் கத்தியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. இத்தனை வருடம் கத்தியே பிழைத்தவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, நிஜமாகப் பயந்தவனுக்குக் குரலே வராது என்று.

11. மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரில், எங்கள் வாசலுக்கு நேர் மேலே, புதிதாக ஒரு கப்பியும் கயிறும் பொருத்தப்பட்டுள்ளன. வீட்டு உரிமையாளரைக் கேட்டால், தண்ணீர்த் தொட்டி ஏற்றுவதற்குத் தம்பி உதவுவதாகவும், இந்தக் காலத்தில் அப்படி ஒரு பிள்ளை கிடைப்பது அரிது என்றும் சொல்கிறார். மாடி அறையில் துருப்பிடித்துக் கிடந்த, யாருக்கும் வேண்டாத இரும்புப் பீரோ நேற்று அந்த அறையில் இல்லை. கைப்பிடிச் சுவரை ஒட்டி, தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. நான் தனியாகத் தள்ளிப் பார்த்தேன், ஒரு கையால் அதை அசைக்க முடியவில்லை. அதைக் கட்டியுள்ள கயிற்றின் முடிச்சும் எனக்கு அவிழ்க்க வரவில்லை.

12. அந்த வாசலில்தான் என் மனைவி வெளிச்சத்துக்காக மெஷினைப் போட்டுத் தைப்பார். மெஷினை உள்ளே இழுத்துவிட்டோம். ஆனால் குழாய் அங்கேதான், தெருவுக்குப் போவதும் அந்த வழியாகத்தான். வாசலைத் தாண்டாமல் யாரால் ஒரு வீட்டில் வாழ முடியும்? வேறு யாராவது என்றால் "மேலே பாரு" என்று ஒரு சத்தம் போட்டால் விலகிவிடுவார்கள். இவருக்கு நான் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. ஆகவே காலடியில் நிழல் விழுந்தால் உடனே உள்ளே ஓடிவிடும்படி சொல்லி வைத்திருக்கிறேன். நேற்று முழுதும் மேகங்கள் வந்து வந்து போயின. ஒவ்வொரு மேகத்துக்கும் அவர் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். மாலையில் அழுதுகொண்டே, "மேகம் போறதுக்கெல்லாம் ஓடிட்டிருந்தா நான் எப்பத் தண்ணி புடிக்கிறது?" என்று கேட்டார். இது வெறும் விபத்தென்று முடிந்துபோனால், பீரோ விழுந்து சாவது கார்ட்டூன் போல இருக்கிறதே என்று இரண்டு பேர் சிரித்துவிட்டுப் போவார்கள்.

13. ஆகவே, நாளைய பகுதி வெளியாகுமுன் மேற்கண்ட பீரோவையும் கப்பியையும் அகற்ற ஆட்களை அனுப்பவும், மேற்படி தம்பியின் கைபேசியைக் கைப்பற்றி அதிலுள்ள பதிவுகளைக் கேட்டு அவரை விசாரிக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். அந்தப் பதிவுகளில் எது ஸ்டூடியோவில் கத்தியது, எது எலும்பில் அடிபட்டுக் கத்தியது என்று அவருக்கே நன்றாகத் தெரியும், அவரே சொல்லுவார், பெருமையாகச் சொல்லுவார். என் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் அது வேடிக்கை அல்ல என்று கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவிக்கவும் வேண்டுகிறேன். விசாரணைக்கு என்னை அழைத்தால் எந்த நேரமும் வருவேன். கத்திக் காட்ட மட்டும் சொல்ல வேண்டாம்.

14. இதை நேரில் கொண்டுவராததற்கு மன்னிக்கவும். கயிற்றுக்குப் பக்கத்தில் யாராவது இருந்தால்தான் என் மனைவி வாசலைத் தாண்டி வெளியே போக முடியும் என்பதால், நான் மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மேற்படி தம்பியும் படியின் மேல் முனையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். "என்னண்ணே எழுதறீங்க?" என்று கேட்டார். வசனம் என்றேன். "கடைசிப் பகுதிக்கா?" என்றார். ஆமாம் என்றேன்.

15. எழுதிய தாள்களைத் துணிப்பையில் போட்டுக் கீழே இறக்கிவிடுகிறேன். என் மனைவி அதை எடுத்துக்கொண்டு தங்களிடம் வருவார். தாங்கள் இதைப் படிக்கும்போது அவர் தங்கள் மேசைக்கு எதிரில் நின்றுகொண்டிருப்பார். அவருக்குக் காது கேட்காது, தங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஏதாவது ஓரிடத்தில் தங்களுக்குச் சிரிப்பு வந்திருந்தால் அது தங்கள் குற்றமல்ல, என் தொழிலின் குற்றம். ஆனால் தயவுசெய்து அவர் எதிரில் மட்டும் சிரித்துவிட வேண்டாம். சிரித்தால் இங்கேயும் இவ்வளவுதான் என்று எண்ணி, ஒன்றும் பேசாமல் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார். வீட்டுக்குத் திரும்ப அந்த வாசல் ஒன்றுதான் வழி.

தங்கள் முகத்தையே நம்பியிருக்கும்,

(ஒப்பம்)
பெயர் பின்பக்கத்தில்.

நாள்: வெள்ளிக்கிழமை, முற்பகல்.
இடம்: மேற்படி கட்டடத்தின் மொட்டை மாடி, கயிற்றின் அருகில்.

இணைப்பு: நெற்றித் தையலுக்கான மருத்துவச் சீட்டு. வேறு சாட்சி இல்லை.