மூச்சுக்கும் முறை போட்டவளுக்கு

இன்று காலை வலைக்கூடத்தைத் திறந்ததுமே கருவாட்டு வாடை. ஜன்னல்களைத் திறந்து, தண்ணீர் தெளித்துப் பெருக்கி, ஊதுவத்தி கொளுத்தியும் போகவில்லை. எங்கிருந்து வருகிறது என்று தேடினால், மூலையில் ஆணியில் தொங்குகிறது உன் நீலத் தார்ப்பாய். கருவாடு காயப்போட்ட பாயிலிருந்து ஒரு துண்டை வெட்டிக்கொண்டு வந்து, "எனக்கு இதான் யோகா பாயி" என்று விரித்தாயே, அதேதான். துவைத்து எடுத்து வா என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "என்னையே துவைச்சாலும் இந்த வாடை போவாது டீச்சரு" என்பாய். எல்லோரும் கண்ணை மூடி ஆழமாக மூச்சை இழுங்கள் என்று நான் சொல்வேன். உன் பக்கத்தில் இருப்பவள் மூக்கைப் பொத்திக்கொள்வாள். அப்புறம் எங்கே தியானம்.

நீ போய் ஒரு மழைக்காலமே கடந்துவிட்டது. உன் பாயைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. இவளுக்கு இன்னும் எத்தனை நாள் நான் பெருக்கிக்கொண்டிருப்பது என்று.

உன்னோடு எனக்கு எப்போதும் இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. படகில் பழவேற்காட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வரும்போது என் சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்துவிட்டு, "உங்கம்மா இன்னிக்கி உப்பு போட மறந்துட்டாங்க" என்று குறையும் சொன்னவள் நீ. என்னைத் திருவொற்றியூரில் கட்டிக்கொடுத்தார்கள். உன்னை இதே தெருவில் நாலு வீடு தள்ளிக் கொடுத்தார்கள். நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் குனிந்தே கிடந்து, ஒரு நாள் காலையில் எழுந்திருக்க முடியாமல் போனேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஊசி, மாத்திரை, பெல்ட், தைலம் எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் பூங்காவில் இலவசமாகச் சொல்லித்தருகிறார்கள் என்று போய் உட்கார்ந்ததுதான் யோகா. முதல் மாதம் மல்லாந்து படுத்து மூச்சு விட்டதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. அந்த மூச்சிலேயே என் இடுப்பு எனக்குத் திரும்பக் கிடைத்தது. வலி இல்லாமல் குனிந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கிய அன்று, வீட்டில் யாருமில்லாத நேரம் பார்த்து ஓவென்று அழுதேன். அப்புறம் பரீட்சை எழுதி, சான்றிதழ் வாங்கி, மாடி மாடியாக ஏறி பெரிய வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் ஏசி போட்டுக்கொண்டு சவாசனத்தில் நன்றாகத் தூங்குவார்கள்.

என்னைப் பெற்ற நைனாவுக்குக் கண் மங்கிப்போய் அவரைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பியபோது, எனக்கு ஒரே ஆசைதான் இருந்தது. மீன் கூடையைத் தலையில் சுமந்து கழுத்து போனவர்கள், நாள் முழுக்கக் குத்தவைத்து இறால் உரித்து முட்டி போனவர்கள், இந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருத்தி இருக்கிறாள். எனக்குத் திரும்பக் கிடைத்தது இவர்களுக்கும் கிடைக்கட்டும். அவ்வளவுதான். அந்த ஆசையை உன்னிடம் வந்து சொன்னேன் பார், அங்கே ஆரம்பித்தது என் தலைவலி.

"இன்னா, சும்மா படுத்துகினு மூச்சு விடணும், அதுக்கு ஒரு டீச்சரு வேணும்?" என்றாய். சிரித்துவிட்டு, அன்றைக்கே வீடு வீடாகப் போய் எல்லோரையும் திரட்டிக்கொண்டு வந்துவிட்டாய். வலை பின்னுவதற்காகக் கட்டிய கூடத்தின் சாவியை ஊர்ப் பெரியவர்களிடம் சண்டை போட்டு வாங்கியதும் நீதான். முதல் நாள் கூடம் நிரம்பி வழிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமை கால் மணி நேரம் நின்றது.

கூடத்தில் ஒரே ஒரு மின்விசிறி. அதற்குக் கீழே யார் உட்காருவது என்று தேசம்மா அக்காவுக்கும் எதிர்வீட்டுக்காரிக்கும் சண்டை. தேசம்மா அக்கா வாயைத் திறந்தால் அக்கரைக்குக் கேட்கும் என்பது உனக்குத் தெரியாததா. நான் நடுவில் நின்று அமைதி, அமைதி என்று கத்திக்கொண்டிருக்கிறேன். நீ எழுந்து, "இருங்கடி. ஏரியில எப்டி? பாடு போட்டுத்தானே? இங்கயும் பாடு போட்டுக்கலாம்" என்றாய்.

ஏரியில் அது சரி. வலை கட்ட நல்ல இடம் கொஞ்சம்தான் உண்டு, வீடுகளோ நிறைய. அதனால் சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இன்னார் வீடு, நாளைக்கு இன்னார் வீடு என்று முறை வைத்து இறங்குவது நம் வழக்கம். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. அது இல்லாவிட்டால் நம் ஆண்கள் ஒருவரை ஒருவர் என்றைக்கோ வெட்டிக்கொண்டிருப்பார்கள். நானும் மின்விசிறிக்கு மட்டும்தான் பாடு போடுகிறாய் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

மறுநாள் வந்து பார்த்தால் பாதிப் பேர் இல்லை. எங்கே என்றேன். "இன்னிக்கி அவங்க பாடு இல்லியே" என்றாய் சாதாரணமாக. வகுப்புக்கே முறை போட்டிருக்கிறாய். வீட்டுக்கு ஓர் ஆள், முறை வரும் அன்று மட்டும். அதிலும் ஆள் மாற்றிக்கொள்ளலாம். மாமியாருக்கு முட்டிவலி என்று நான் ஆசனம் சொல்லிக்கொடுத்தால், அடுத்த முறை மருமகள் வந்து உட்காருவாள். "அத்தைக்குத்தாம்மா முட்டி வலி, நீ ஏன் வந்தே" என்றால், "யாரு செஞ்சா இன்னா, எங்க வூட்டுக் கணக்குல சேந்துடும்ல" என்பாள். ஒருத்தி குனிந்தால் இன்னொருத்தி இடுப்பு சரியாகுமா? என் சான்றிதழில் இதற்குப் பாடம் இல்லை. ஒரு வீட்டிலிருந்து சின்னப் பெண் ஒன்று வந்து, "ஆயாவோட மூச்ச நான் இழுக்க வந்திருக்கேன்" என்று சொன்னபோது, நான் கூடத்துக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். உள்ளே நீ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது.

உன்னிடம் எவ்வளவோ மன்றாடினேன். உடம்பு ஏரி இல்லையடி, முறை போட்டுப் பிரிக்க; ஒருத்தியே தினமும் செய்தால்தான் பலன் என்று. நீ வெற்றிலையை மடித்துக்கொண்டே, "தெனம் வான்னு சொல்லு, ஒருத்தி வரமாட்டா. ஒன் பாடுன்னு சொல்லு, காய்ச்சலோட வருவா" என்றாய். அதுவும் உண்மைதான், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். தன் முறையை விட்டுக்கொடுத்ததாக இருக்கக்கூடாது என்று அடித்துப் பிடித்து வந்தார்கள். பக்கத்துப் பசியாவரத்துக்கு வாழ்க்கைப்பட்டவள்கூட அம்மா வீட்டுப் பாடு என்று படகேறி வந்தாள். கூடம் ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை. யாருக்கும் ஓர் ஆசனமும் உருப்படியாக வந்ததுமில்லை.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு.

அன்று முறை முடிந்து எல்லோரும் போன பிறகு, நீ அந்தப் பாயிலேயே உட்கார்ந்திருந்தாய். எழுந்திருக்கவில்லை. என்னவென்று கேட்டேன். "ஒன்னுமில்ல, நெஞ்சுமேல யாரோ ஒக்காந்துகினு கீற மாதிரி கீது. வாயுதான். ஒரு சோடா குடிச்சா சரியாப்பூடும்" என்றாய். இடது கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே சொன்னாய். நான் அப்போதே கிளம்பு, பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். கெஞ்சினேன். கையைப் பிடித்து இழுத்தேன். கத்தினேன். உனக்கு நினைவிருக்கும், தேசம்மா அக்கா என்ன சத்தம் என்று திரும்பி வந்து எட்டிப் பார்த்தாள். நீ என் கையை உதறிவிட்டு, "நாளைக்கு ஏரியில எங்க பாடுடி. மீன் வந்து குவியும், பிரிச்சுப் போட ஆள் வேணாமா? முடிச்சிட்டு நானே வரேன், எந்த ஆஸ்பத்திரிக்கு வேணாலும் கூட்டிகினு போ" என்றாய்.

ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அவர்கள் முறையை முன்னும் பின்னும் மாற்றிக்கொடுக்கிறவள் நீ. பிரசவமா, மாற்றிக்கொள். சாவா, மாற்றிக்கொள். உனக்கு மட்டும் மாற்றிக்கொள்ளத் தெரியவில்லை. மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில், கரையில் இறாலும் மீனும் தனித்தனியாகக் குவித்துக்கொண்டிருந்தவள், அந்தக் குவியலின்மேலேயே சாய்ந்தாய். நான் ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் அழவில்லை என்று பெண்கள் பேசிக்கொண்டார்களாம். உன்னை எழுப்பி நாலு அறை விட வேண்டும்போல இருந்தது எனக்கு. அதை யாரிடம் சொல்வது.

அப்புறம் வகுப்பை நிறுத்திவிட்டேன். சாவியை ஊர்ப் பெரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். திருவொற்றியூருக்கே நைனாவையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம், மாடி வீட்டுப் பெண்கள் தூங்கினாலும் தங்கள் உடம்போடு தூங்குகிறார்கள் என்று முடிவே செய்துவிட்டேன். வழியில் தேசம்மா அக்கா மறித்துக்கொண்டாள். "நாளைக்கி எங்க பாடு. எனக்கப்பறம் அவ வூட்டுப் பாடு. அதுவரைக்கும் நடத்திட்டு எங்க வேணாலும் போ" என்றாள்.

"அவ வூட்ல பொம்பள யாரு இருக்காங்கக்கா வர்றதுக்கு?"

"செத்துட்டா பாடு போயிடுமா? வூடு இருக்குதுல்ல."

உன் வீட்டு முறைக்கு உன் வீட்டுக்காரர் வந்தார். நாங்கள் யாரும் கூப்பிடவில்லை. பெண்களுக்கு நடுவில் வர வெட்கப்பட்டுக்கொண்டு, வாசலோரமாக, லுங்கிக்குள்ளே அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி உட்கார்ந்தார். மின்விசிறிக்குக் கீழே உன் இடம் காலியாக இருந்தது. அங்கே வரச் சொன்னால் வரவில்லை. மூச்சை இழுங்கள் என்றேன். "இழுக்காமலா உசுரோட கீறேன் தங்கச்சி" என்றார். அதே வாய். அவரிடமிருந்து நீ கற்றாயா, உன்னிடமிருந்து அவர் கற்றாரா தெரியவில்லை. பாதியில் "இது எப்போ முடியும்" என்று கேட்டார். சவாசனத்தில் குறட்டை விட்டார். போகும்போது, "எங்க வூட்டுக் கணக்கு முடிஞ்சிது" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கூடத்தைப் பூட்டினேன்.

மறுநாள் வகுப்பு பாதி நடக்கும்போது வாசலில் நிழல் தட்டியது. அவர்தான். தேசம்மா அக்கா தன் முறை முடிந்தும், எனக்கு உதவி செய்கிறேன் என்று தினமும் வந்து உட்கார ஆரம்பித்திருந்தாள். "அண்ணே, ஒங்க பாடு நேத்தே முடிஞ்சிடுச்சே" என்றாள்.

அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வேர்வை. "எங்க பாடுன்னு வர்ல. நெஞ்ச அழுத்துது தங்கச்சி. அவளுக்கு வந்திச்சுன்னு ஊர்ல சொன்ன மாதிரியே கீது" என்றார்.

நான் பாய்களை மிதித்துக்கொண்டு ஓடினேன். பெண்கள் படகை இழுத்துவிட்டார்கள். பழவேற்காட்டுக் கரையில் ஆட்டோ. வழியெல்லாம் அவர் கண்ணை மூடி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பொன்னேரியை நெருங்கும்போது கண்ணைத் திறந்து, "நாளான்னிக்கி ஏரியில எங்க பாடு. யாரு போவா?" என்றார்.

உன்மேல் சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் அவர் தலையில் கொட்டிவிட்டேன். பாடு போனால் போகட்டும், ஏரியே வற்றிப்போகட்டும், மீனெல்லாம் செத்து மிதக்கட்டும், பேசாமல் வாருங்கள் என்று கத்தினேன். ஆட்டோக்காரர் வண்டியை மெதுவாக்கித் திரும்பிப் பார்த்தார். உன் வீட்டுக்காரர் முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "இத அவகிட்ட சொன்னியா?" என்றார்.

"சொன்னேன் அண்ணே."

"கேக்கலியா?"

"கேக்கல."

"எங்கிட்ட வலின்னுகூட அவ சொல்லல" என்றார். அப்போதுதான் நான் அழுதேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அழுதேன்.

இருதயம்தான். நேரத்தோடு வந்ததால் பிழைத்தார் என்று டாக்டர் சொன்னார். மாத்திரை போட்டுக்கொண்டு, உப்பைக் குறைக்கச் சொன்னால் என்னைத் திட்டிக்கொண்டு, நன்றாக இருக்கிறார். ஏரியில் அவர் முறையை ஊரார் அவருக்காகத் தள்ளிவைத்தார்கள். ஒன்றும் முழுகிப்போய்விடவில்லை.

சாவியை நான் கொடுக்கவில்லை. நைனா என் போக்கைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, மூட்டைய அவுத்துட்டியா?" என்று மட்டும் கேட்டார். வகுப்புக்கு இன்னும் பாடுதான். வீட்டுக்கு ஓர் ஆள்தான். மாமியாரின் முட்டிக்கு மருமகள் இன்னும் வருகிறாள். நான் மாற்றியது ஒன்றே ஒன்று: வலி இருக்கிறவள் முறை பார்க்காமல் வரலாம், மற்றவள் இடம் விட வேண்டும். இதனால் பாதி நாள் ஆசனமே நடப்பதில்லை. உட்கார்ந்து வலிக் கதை கேட்கிறேன். எது நிஜ வலி, எது மாமியாரிடமிருந்து தப்பிக்க வந்த வலி என்று பிரிப்பதற்குள் பொழுது விடிந்து வெயில் வந்துவிடுகிறது. ஊருக்கு யோகா சொல்லிக்கொடுக்க வந்தவள் நான். இப்போது என்னவாக ஆகியிருக்கிறேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் தேசம்மா அக்கா நெஞ்சைத் தடவிக்கொண்டு, "ஒன்னுமில்ல டீச்சரு, வாயு" என்றாள். அவ்வளவுதான். பிடித்த கையை நான் விடவில்லை. அவள் உலையில் அரிசி போட்டிருந்தாள். போகட்டும் என்றேன். பொன்னேரியில் எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்தார்கள். உண்மையிலேயே வாயுதான். திரும்பும்போது படகு கரை சேரும் வரைக்கும் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டாள். சோறு குழைந்தது, மானம் போனது, எவளோ செத்ததற்கு என்னை ஏன் இழுத்தாய் என்று ஏரி முழுக்கக் கேட்கும்படி. திட்டட்டும் என்று கேட்டுக்கொண்டே வந்தேன். நீயும் ஒரு தடவை என்னோடு வந்து, ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு, இப்படித் திட்டிக்கொண்டே திரும்பியிருக்கலாமேடி.