உன்னுடைய ஆணியில் அவர்

என் உயிர் மச்சான் குணத்துக்கு,

வருகிற வெள்ளியோடு நீ போய் மூன்று வருஷம். பேப்பரில் நினைவு அறிவித்தல் போடப் போனால் நாலு வரிதான் தருவார்கள். அதிலும் ரெண்டு வரியை அவர்களே கண்ணீரும் கம்பலையுமாக அடித்து வைத்திருக்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது அதுக்குள் அடங்காது. அதனால் இதை எழுதி, திவசத்துக்கு வருகிற சனத்துக்கும் ஒவ்வொரு கொப்பி கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஓ.எல். சோதனை ரெண்டு தரம் எடுத்தும் கரை சேராதவன் எழுதுகிற கடிதம். பிழை இருந்தால் சிரி. எனக்குக் கேட்கவா போகிறது?

முதல் செய்தி: உன்னைச் சுவரில் இருந்து இறக்கிப்போட்டேன். கோபிக்காதே, முழுக்கக் கேள்.

போன கிழமை வெள்ளவத்தை வியாபாரிகள் சங்கத்தில் இருந்து மூன்று பேர் எங்கள் பலசரக்குக் கடைக்கு வந்தார்கள். கையில் கண்ணாடி போட்ட பெரிய படம். நாட்டை இப்போது ஆளுகிற பெரியவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவர் எங்கள் பக்கம் ஏதோ கட்டடம் திறக்க வருகிறாராம், காலி வீதிப் பக்கத்துக் கடைகள் எல்லாம் அவருடைய படத்தை வாசலில் இருந்து பார்க்கத் தெரிகிற மாதிரி மாட்ட வேண்டுமாம். கட்டாயமோ என்று கேட்டேன்.

"கட்டாயம் எண்டில்லை அண்ணை. மாட்டினா நல்லது."

அந்த 'நல்லது' உனக்குத் தெரியும். நீயும் நானும் அந்தச் சொல்லைக் கேட்டுத்தானே நரைத்தோம்.

எனக்கு அந்தாளைப் பிடிக்காது. தேர்தல் வந்தால் எங்களுக்குத் தமிழில் வணக்கம் சொல்லுவார், வென்ற அடுத்த நாள் அந்த ஒரு சொல்லும் மறந்துபோய்விடும். நான் அவருக்கு வோட்டுப் புள்ளடி போடவும் இல்லை. நான் புள்ளடி போட்ட ஆள் இன்றுவரைக்கும் வென்றதும் இல்லை. என்னுடைய புள்ளடி பட்ட ஆள் உருப்படாது என்று உன் தங்கச்சி சொல்லுவாள். அவளும் ஒருக்கால் என்னைத் தெரிவு செய்தவள்தான், அதைப் பற்றிக் கதைக்க மாட்டாள்.

எங்கள் தர்சினி இப்போது கம்பஸில் ரெண்டாம் வருஷம். நீ தோளில் தூக்கித் திரிந்த பிள்ளை, இப்போது என்னைக் குறுக்கு விசாரணை செய்கிறாள். பிடிக்காத ஆளுடைய படத்தை என்னத்துக்கு மாட்டுறியள் என்று கேட்டாள். மரியாதை ஆளுக்கு இல்லை பிள்ளை, இருக்கிற கதிரைக்கு என்றேன். நானே மெச்சிக்கொண்ட மறுமொழி அது.

"அப்ப கதிரையின்ர படத்தை மாட்டுங்கோ அப்பா."

நான் அவளுக்கு உன் கதையைத்தான் சொன்னேன். சண்டைக் காலத்தில் அப்போதைய பெரியவரின் வாகன வரிசைக்காக நீ வந்த பஸ்ஸை ஒரு மணித்தியாலம் மறித்து வைத்தார்கள். "ஆருடைய அப்பன்ர றோட்டு" என்று நீ தமிழில் முணுமுணுத்தாய். பஸ்ஸில் தமிழ் விளங்கின ஒருவன் இருந்துவிட்டான். மூன்று நாள் பொலிஸில் இருந்தாய். வெளியில் வந்தவன் வீட்டுக்குப் போகமுதல் புறக்கோட்டை நடைபாதையில் அதே பெரியவரின் படம் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து, கடைக்குள் ஆணி அடித்து மாட்டினாய்.

"இது மரியாதை இல்லையடா மச்சான். குடை. மழை விடுமட்டும் பிடிச்சுக்கொண்டு நிக்க வேண்டியதுதான்."

ஆட்கள் மாற மாற நீயும் படத்தை மாற்றினாய். சண்டை முடிந்து கொஞ்சக் காலத்தில் கழற்றி வைத்தாய். நீ போன பிறகு அதே ஆணியில் உன்னை மாட்டி, சந்தன மாலை போட்டு, கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்பும் பொருத்தினேன். மழை விட்டுவிட்டது என்று நினைத்தோம்.

வாசலைப் பார்த்து இருக்கிறது அந்த ஒரு ஆணிதான். புதுசாக ஒன்று அடிக்கலாம்தான், போன முறை நான் சுவரில் துளை போட்டபோது வயர் அறுந்து ஐஸ்கிறீம் முழுவதும் கஞ்சியாய்ப் போனது உனக்குத் தெரியாதா? அதனால் உன்னைக் கழற்றிப் பருப்பு மூட்டையில் சாத்தினேன். அவரை மாட்டினேன். வெறும் படமாக இருந்தால் மரியாதை காணாது என்று யாரும் சொல்லுவார்களோ என்ற பயம். மேடையில் அவருக்குக் கழுத்து நிறைய மாலை விழுகிறதுதானே என்று உன் மாலையையே எடுத்து அவருக்குப் போட்டேன். காலையில் கடை திறந்து மெயின் சுவிட்சைப் போட்டேன். சிவப்பு பல்பும் எரிந்தது.

எங்கள் சனம் எந்தப் படத்துக்கு மாலை போட்டுச் சிவப்பு பல்ப் எரிக்கும் என்று எனக்குத் தெரியாதா? பயம் வந்தால் மூளை வேலை செய்யாது, மச்சான். என்னுடையது பயம் இல்லாவிட்டாலும் அவ்வளவுதான்.

முதலில் கண்டது சிகரெட் வாங்க வந்த ஓட்டோக்காரன். அவன் சிங்களத்தில், எப்போது செத்தவர் முதலாளி, நியூசில் சொல்லவில்லையே என்று கேட்டான். நான் திரும்பிப் பார்க்கமுதல் போனில் படம் எடுத்துவிட்டான். பின்னேரத்துக்குள் அது ஊர் முழுக்கச் சுற்றியது. சனம் கடை வாசலில் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. உண்மையைச் சொன்னால் நானும் கொஞ்சம் சிரித்தேன்.

அடுத்த நாள் ரெண்டு பேர் வந்தார்கள். உடம்பில் சாதாரண சேட்டு, காலில் மினுக்கின சப்பாத்து. மூத்தவன் தன் பொலிஸ் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு நல்ல தமிழ் கதைத்தான். அந்தத் தமிழைக் கேட்டதும் நான் எழும்பி நின்றேன்.

"மாலை ஆர் போட்டது?"

"நான்தான் சேர்."

"நீங்களாப் போட்டனீங்களோ, வீட்டில ஆரும் சொல்லித் தந்ததோ? மகள் கம்பஸில என்ன படிக்கிறா?"

எனக்கு மகள் இருக்கிறாள் என்று நான் சொல்லவே இல்லை.

அவன் கொப்பியில் எழுதினான். எழுதிக்கொண்டே பருப்பு மூட்டையில் இருந்த உன்னைப் பார்த்தான். ஆர் இது என்றான். மச்சான், செத்துப்போனார் என்றேன். பேர் கேட்டான், சொன்னேன். அதையும் எழுதிவிட்டு நிமிர்ந்து, "முந்தி ஒருக்கா எங்களிட்ட இருந்தவரோ?" என்றான். ஓம் என்றேன். செத்தவனையும் விடவில்லை, பார்த்தாயா? வியாழக்கிழமை பத்து மணிக்குத் திரும்ப வருவார்களாம். மகளும் நிற்க வேண்டுமாம்.

அதுக்குப் பிறகு எதிரில் இருக்கிற பஸ் தரிப்பில் ஒருவன் நிற்கிறான். எந்த பஸ்ஸிலும் ஏறுகிறான் இல்லை. கடைப் போன் அடிக்கிறது, எடுத்தால் மூச்சுச் சத்தம். சங்கத்துக்காரர் றோட்டின் மற்றக் கரையால் நடந்து போகிறார்கள். இவ்வளவுக்கும் பெரியவரின் பயணம் தள்ளிப்போய்விட்டதாம். தர்சினியை மட்டக்களப்பில் சின்னம்மா வீட்டுக்கு அனுப்ப உன் தங்கச்சி உடுப்பு அடுக்கினாள். பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலுமாரியில் வைத்தாள்.

"பிடிக்கேல்ல எண்டுறது குற்றமோ அப்பா?"

நீ இருந்தால் என்ன சொல்லுவாய்? அந்தாள் நாளைக்குக் கடைக்கு வந்தால் நான் எழும்பி நிற்பேன், கதிரை போடுவேன், பிளேன்டி ஊற்றிக் கொடுப்பேன். கரண்ட் பில் கொண்டு வருகிறவருக்கும் அதைத்தான் செய்கிறேன். அவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன். அதுக்கு மேலேயும் கொடுக்க வேண்டுமா? உண்மையாக நான் மரியாதை வைத்திருந்தவனை மூட்டையில் சாத்திவிட்டு, அவனுடைய மாலையைக் கழற்றி, பயந்த ஆளுக்குப் போட்டேன். அவரை நான் அவமதித்தேனாம். உன்னை அவமதித்ததை எந்தக் கொப்பியில் எழுதுவார்கள்?

இன்று காலை உன்னை உன் ஆணியில் திரும்ப மாட்டிவிட்டேன். மாலையும் பல்பும் உனக்குத்தான். அவர் பிஸ்கட் அலுமாரித் தட்டில், கலண்டருக்குப் பக்கத்தில் இருக்கிறார். அங்கே இருந்தும் சிரிக்கிறார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நான் காசு லாச்சி மேசைக்குப் பின்னால் இருப்பேன். பக்கத்தில் தர்சினி நிற்பாள். பயத்தில் நான் போட்ட மாலை, பிள்ளைக்கு அதில் பங்கில்லை என்று நான்தான் முதலில் கதைப்பேன். யாரும் போக வேண்டி வந்தால் நான் போகிறேன். ஆனால் குனிந்து நில் என்று அவளுக்குச் சொல்ல மாட்டேன். உன்னுடைய குடையை அவள் கையில் கொடுக்க மாட்டேன், மச்சான். இது சத்தியம்.

வெள்ளிக்கிழமை உன் திவசத்தில் இந்தக் கொப்பியை நானே என் கையால் கொடுத்தால், எல்லாரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். உன் தங்கச்சி கொடுத்தால், வாங்குகிறவர்கள் சாப்பாட்டுக்கு முதல் ஒருக்கால் பொலிஸ் பக்கம் போய் என்னை விசாரிக்கட்டும்.

உன் தங்கச்சியின் புருஷன்,
உன் ஆணியைக் கடன் கொடுத்த மச்சான்,
சிவா