பிறந்த வீட்டுக் கோடி

கனகராயன்குளம்,
திங்கட்கிழமை

மருமகன் சாருஜனுக்கு, மாமன் முத்துலிங்கம் எழுதுவது.

நீ என்னிடம் பொய் சொன்னாய். அந்தப் பொய்யால் உன் அம்மா, என் தங்கச்சி ராக்காயி, கூடப்பிறந்தவன் கையால் கோடிச் சேலை வாங்காமல் மண்ணுக்குள் போனாள். முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் உங்கள் சுகத்தை விசாரிக்கிறேன். உன் பெண்சாதி சுமித்திராவும் பிள்ளைகளும் நலமாக இருக்கட்டும்.

போனில் பேசலாமே என்று சுமித்திரா கேட்பாள். போனில் நீ சொன்னது எனக்குப் போதும். மைல்கல்லைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். எழுதியதைத்தான் நம்புவேன்.

அம்மா உங்களையே கேட்கிறாங்க மாமா என்று நீ சொன்ன மறுநாள் விடியப்புறமே உங்கள் தேயிலைத் தோட்டத்துக்குச் சைக்கிளை எடுத்தேன். போன முறை நான் அங்கே வந்தபோது அவள் மாம்பழ நிறத்தில் ஒரு சேலை கேட்டிருந்தாள். அதை வாங்கி, பொலித்தீனில் சுற்றி, கரியரில் கட்டியிருந்தேன். படுக்கையிலிருந்து எழும்பி உட்கார்ந்ததும் கட்டிக்கொள்ளட்டும் என்றுதான் கொண்டுவந்தேன். சந்தியில் யோகலிங்கம் மறித்தான். "முத்தண்ணை, பஸ் நிக்குது, ஏறுங்கோவன். உந்த வெயிலில மண்டை வெடிக்கப் போகுது" என்றான். நான் ஏறுவதில்லை என்று உனக்குத் தெரியும்தானே என்றேன். "பஸ்ஸோடயும் கோபமே" என்று சிரித்தான். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் எங்கள் அப்பாவைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். பக்கத்து இருக்கையில் இருந்தவன் நான். அது அவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

பத்து மணிக்கு மேல் மிதிப்பதில்லை, வெயில் தாழும்வரை மர நிழலில் கிடப்பது என்பது என் வழக்கம். இந்த முறை அதை விட்டேன். கச்சான் காற்று நெருப்பு மாதிரி முகத்துக்கு நேரே அடித்தது. மதவாச்சிக்கு அப்பால் தார் இளகி டயரில் ஒட்டியது. தலையில் போட்ட ஈரத் துவாய் அடுத்த கடை வருவதற்குள் காய்ந்துவிடும். மறுநாள் மரதன்கடவலையில் கண் இருண்டு சைக்கிளோடு சரிந்தேன். டயர்க்கடைச் சிங்களவர் ஒருவர் தன் தாத்தாவைக் கூப்பிடுவது போல "சீயா, சீயா" என்று தூக்கிக் கதிரையில் இருத்தி, செவ்விளநீர் வெட்டித் தந்தார்.

அங்கேதான் உன் போன் வந்தது. "அம்மா இப்ப நல்லாயிருக்காங்க மாமா, கஞ்சி குடிச்சாங்க. ஒன்னும் அவசரமில்ல, மெதுவா வாங்க" என்றாய். என் தங்கச்சி கஞ்சி குடித்தாளாம் என்று அந்த டயர்க்கடைக்காரருக்கு அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். அவரும் சந்தோஷப்பட்டார். அன்று அங்கேயே தூங்கினேன். அடுத்த நாள் குளத்தில் இறங்கி ஆசை தீரக் குளித்தேன். அந்த நேரம் என் தங்கச்சியை நீங்கள் தூக்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

கம்பளைக்கு மேலே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது பாதை நெடுக வெள்ளைக் கொடி. தோட்டத்தில் யாரோ பெரிய ஆள் போய்விட்டார் என்று நினைத்தேன். கொடிகள் உன் வாசலில் போய் முடிந்தன.

"உண்மையச் சொன்னா நிக்காம மிதிப்பீங்க, ரோட்டுல விழுந்துருவீங்க, ரெண்டு சாவை நான் எப்படித் தாங்குவேன் மாமா" என்று அழுதாய். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் டயர்க்கடைக்கு எதிரேதான் கண்டி பஸ் நின்றது. உண்மையைச் சொல்லியிருந்தால் சைக்கிளைக் கடையிலே போட்டுவிட்டு அதில் ஏறியிருப்பேன். ஏறமாட்டான் என்று நீயே தீர்மானித்துவிட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உன் மாமனார் பொன்னையா, "கடையில ஒரு கோடி எடுத்து ஒங்க பேரைச் சொல்லிப் போட்டுட்டோம், கொறை ஒன்னுமில்ல" என்றார். குறை இருக்கிறது. என் பெயரைச் சொன்ன நீங்கள் என்னிடம் கேட்டீர்களா? கரியரில் இருந்த சேலையைப் பார்த்து, பிந்தி வந்த கோடி வீட்டுக்குள் வரக் கூடாது என்றும் அவர்தான் சொன்னார். வாசலில் நின்ற எனக்குச் சுமித்திரா தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்காமல் திரும்பினேன். அது அவள் மேல் கோபமில்லை என்று சொல்லு. சேலை இப்போது இங்கே அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. உயிரோடு இருக்கிற யாரும் இனி அதைக் கட்ட முடியாது.

கருமாதிக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை புறப்படுகிறேன், சைக்கிளில்தான். அவளுக்காகப் பஸ் ஏறியிருப்பேன். அவள் இல்லாத வீட்டுக்கு ஏறமாட்டேன்.

நான் வரும்வரை மண்மேட்டுக்குச் சீமெந்து பூசக் கூடாது. அதைச் சுமித்திரா பார்த்துக்கொள்ளட்டும். கோடியை மேட்டின் மேல் நான் விரிப்பேன். நாலு மூலைக்கும் கல் வைக்க நீ பக்கத்தில் நிற்க வேண்டும். இழவுக்குப் பிந்தி வந்த அண்ணன் என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொன்ன பொன்னையா, அந்த வாயாலேயே அதை மாற்றிச் சொல்ல வேண்டும். ஏன் பிந்தினேன் என்பதை நீ எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளுக்கு என் ஆசி. அவர்கள் முன்னால் அழாதே.

நான் வழியில் இருக்கும்போது போன் எடுத்தால், நல்ல செய்தி எதுவும் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்
முத்துலிங்கம்