ஆளில்லாத ஒழுங்கை

மன்னார்
1937 மே 12

நசீறாவின் வாப்பா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் காவலில் இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். பினாங்கில் உங்களுக்கும் அவன் குறை வைக்கக்கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று யோசிக்காதீர்கள். இது என் கைதான். இவ்வளவு காலமும் ஆதம்பாவா காக்காதான் எனக்காக எழுதினார். கூடப்பிறந்தவரை முன்னால் இருத்திவைத்துக்கொண்டு ஒரு பெண் தன் புருஷனுக்கு என்னத்தைச் சொல்லமுடியும்? அரிசி விலையும் மழையும்தான் சொல்லலாம். அதனால் நசீறாவிடம் எழுத்துப் பழகினேன். பிழை கண்டால் சிரியுங்கள், ஆனால் கடையில் மற்றவர்களுக்குக் காட்டிச் சிரிக்காதீர்கள், சொல்லிப்போட்டேன்.

நசீறா முழுகாமல் இருக்கிறாள். நாலாம் மாதம். ஒரு வாய் சோறு தங்குவதில்லை. நான் காய்ச்சிக் கொண்டுபோகிற கஞ்சி மட்டும் உள்ளே நிற்கிறது. மருமகன் சனூன் தங்கமான பிள்ளை. பசாரில் அவருடைய சைக்கிள் கடையில் இருந்து எண்ணெய்க் கையோடு ஓடிவந்து அவளைப் பார்த்துவிட்டு ஓடுவார். நீங்கள் அவரைக் கண்டதில்லை. உங்கள் மகளையும் பல்லு விழுந்த பிள்ளையாகத்தானே விட்டுவிட்டுப் போனீர்கள்.

உங்களோடு பினாங்கில் இருக்கிற பக்கீர் ஊர் வந்தபோது எங்களைப் பார்க்க வந்தார். உங்கள் சுகம் கேட்டேன். "அவருக்கு என்ன குறை, மூண்டு நேரமும் வீட்டுச் சாப்பாடு" என்று சொன்னார். சொன்ன பிறகு தேத்தண்ணிக் கோப்பையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் மேலே கேட்கவில்லை. நீங்கள் கொடுத்தனுப்பிய துணி வந்து சேர்ந்தது. நல்ல நிறம்.

இனி எழுதவந்த விஷயத்துக்கு வருகிறேன். பசார் தெருவை இப்போது கண்டால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. கடலுக்குக் குறுக்கே தாம்போதி போட்ட பிறகு பஸ்ஸும் லொறியும் நேரே பசாருக்குள் வந்து நிற்கின்றன. மாட்டுக்கரத்தை ஒரு பக்கம், சைக்கிள்காரர் ஒரு பக்கம், சனம் நடுவில், ஊர்க் கழுதைகள் எல்லா இடத்திலும். போன மாதம் மீன் விற்கிற றஞ்சிதத்தை, பஸ்ஸுக்கு விலகிய சைக்கிள் ஒன்று அடித்துவிட்டது. கடகம் கவிழ்ந்து தெருவெல்லாம் மீன். கை முறிந்து கிடக்கும்போதும், "மீனைப் பொறுக்குங்கோ, நான் பிறகு எழும்புறன்" என்று கத்தினாளாம். அவளுடைய வாயைத்தான் உங்களுக்குத் தெரியுமே.

அதற்குப் பிறகு அரசாங்கக் கச்சேரித் துரை தெருவைத் திருத்துவதற்குக் கட்டளை போட்டார். நடுவில் மோட்டார் வாகனம் மட்டும். அதன் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு போட்டு சைக்கிள்காரருக்கு வழி. கடைப் பந்தல்களுக்கு வெளியே கல் உயர்த்தி, நடக்கிறவர்களுக்கு ஒரு பாதை. நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இவ்வளவையும் போட்டால் கரத்தைக்கு இடம் எங்கே? அதை எங்கள் வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற ஒழுங்கையால் விடப்போகிறார்களாம். இரண்டு பக்க வேலியையும் பின்னுக்குத் தள்ளி, வாசல் படலைகளை அடைத்து, உப்புக் கரத்தையும் கருவாட்டுக் கரத்தையும் அதற்குள்ளால் போகுமாம்.

ஏன் எங்கள் ஒழுங்கை என்று கேட்டால், அது ஆளில்லாத ஒழுங்கையாம்! தெரு வேலை பார்க்கிற கிறகரி ஓவசியர் நாள் முழுக்க நின்று பார்த்து அப்படித்தான் எழுதிக் கொடுத்தாராம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவர் குடையும் பென்சிலுமாக ஒழுங்கை முகப்பில் நின்றதை நாங்கள் எல்லோரும் வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அந்நிய ஆண் நிற்கும்போது எந்தப் பெண் படலையைத் திறப்பாள்? தண்ணீர் அள்ளப் போகவில்லை, பிள்ளைகளை ஓதப்பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை, நான் நசீறாவுக்குக் கஞ்சியும் கொண்டுபோகவில்லை. "எப்ப போவார் இந்த மனிசன்" என்று உள்ளே இருந்து திட்டிக்கொண்டிருந்தோம். அந்த மனிசனும், பாவம், கழுதைகளை மட்டும் கண்டுவிட்டுப் போனார்.

நசீறாவின் வீடு ஒழுங்கையின் மற்ற அந்தத்தில் இருக்கிறது. கரத்தை வந்தால் நான் அவளிடம் போக பசார் ஒன்றுதான் வழி. கப்பலுக்குப் போகிற அன்று, "பசாருக்கு நீ கால் வைக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். இன்றுவரை வைக்கவில்லை. பிள்ளைக்கு வலி எடுக்கும்போது நான் என்ன செய்வேன்?

மறுப்புச் சொல்கிறவர்கள் கச்சேரிக்கு வந்து சொல்லலாமாம், ஆண்கள்தான் போவார்கள். காக்கா போகமாட்டார். அவருடைய பசார்க் கடைக்குப் பின்னால் கரத்தை வந்து சாமான் இறக்கினால் அவருக்கு வசதி. மருமகனுக்கோ சைக்கிளுக்குத் தனி வழி வருகிறது என்று ஒரே சந்தோசமும் புளுகமும். நீங்கள் வரவேண்டும். நான் ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை. ஒருதரம் வந்து, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மகளைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
சித்தி மரியம்


மன்னார்
1937 ஜூலை 28

நசீறாவின் வாப்பா அவர்களுக்கு,

ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. தபால்காரர் மணி அடித்தபோது நீங்கள்தான் வந்து கூப்பிடுகிறீர்களோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். புத்திகெட்டவள் நான்.

"ஒரு ஒழுங்கைக்கு இவ்வளவு கரைச்சலா? காக்கா சொல்கிறபடி நட. அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வருஷம் என்ற சொல்லை என்னால் எழுத்துக்கூட்டாமலே வாசிக்கமுடியும். அவ்வளவு தரம் எழுதியிருக்கிறீர்கள். கோபத்தில் இரண்டு நாள் உங்கள் கடிதத்தை அரிசிப் பெட்டிக்குள் போட்டு வைத்தேன். பிறகு எடுத்துத் துடைத்து மற்றவற்றோடு வைத்துவிட்டேன்.

நீங்கள் வரவில்லை, அதனால் நடந்ததைச் சொல்கிறேன். வேறு யாரும் கூட்டிக் குறைத்து எழுதமுதல் நானே எழுதுவது நல்லது. கிறகரி ஓவசியரும் றஞ்சிதமும் ஒரே மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அவளிடம் சொல்லி அனுப்பினேன், ஆண்பிள்ளை நின்றால் நாங்கள் வரமாட்டோம், ஆளை எண்ணவேண்டுமென்றால் உங்கள் வீட்டுக்காரியை அனுப்புங்கள் என்று. அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாராம். "இது எனக்கு விளங்காமல் போச்சே" என்றாராம். அவருடைய பெண்சாதி பெற்றிசியா வந்தாள். என் படலைக்கு உள்ளே கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்தேன். காலையில் இருந்து ஒழுங்கை வழக்கம்போல நடந்தது. குடம், பிள்ளை, விறகு, நோயாளி, ஒரு வீட்டுக் கறி மறு வீட்டுக்கு. அவள் கோடு போட்டுக் கை உளைந்து, "எங்கட சந்தையை விட இஞ்ச சனம் கூடவெல்லோ" என்று சொன்னாள்.

ஓவசியர் அதைக் கச்சேரிக்குக் கொண்டுபோனார். துரை நம்பவில்லை, நேரே வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். அங்கேதான் இடி விழுந்தது. துரை வந்து நிற்கும்போது நாங்கள் உள்ளே இருந்தால் திரும்பவும் ஆளில்லாத ஒழுங்கைதான். வெளியே வந்தால் வீட்டு ஆண்கள் என்ன சொல்வார்கள்? அன்று பின்னேரம் பெண்கள் எல்லோரும் என் அடுப்படியில் கூடி இருந்தோம். ஒருத்தி அழுதாள், ஒருத்தி சண்டை பிடித்தாள். கடைசியில் நசீறா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பி, "நான் நடப்பன், ஆர் வாறீங்கள்?" என்று கேட்டாள். உங்கள் மகள்தான், சந்தேகமே இல்லை.

சொன்னபடியே துரை வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒழுங்கை முகப்பில் நின்றார். நாங்கள் துப்பட்டியைப் போர்த்துக்கொண்டு படலைகளைத் திறந்தோம். ஒருத்தி ஆட்டையும் அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டாள், அது துரையின் குடையைக் கடிக்கப் பார்த்தது. என் கையில் கஞ்சிச் சட்டி. ஆட்டுக்கு விலகியதில் பாதிக் கஞ்சி மண்ணுக்குத்தான். அப்போது துரை ஏதோ கேட்க, ஓவசியர் சத்தமாக, இந்த ஒழுங்கையை விட்டால் கரத்தைக்கு எங்கே இடம் காட்டுவீர்கள் என்று தமிழில் கேட்டார். வாய் திறந்தது நான்தான்.

உங்கள் வார்த்தையைத்தான் சொன்னேன். நீங்கள் போன புதிதில் எழுதிய முதல் கடிதம் நினைவிருக்கிறதா? பினாங்கில் கடைக்காரர் தங்கள் கூரைக்குக் கீழேயே ஐந்தடி விட்டுக் கட்டவேண்டும், அதற்கு அஞ்சடி என்று பெயர், வெயிலும் மழையும் படாமல் சனம் அதற்குள்ளால் நடக்கும், தெரு வண்டிகளுக்கு மிஞ்சும் என்று எழுதியிருந்தீர்கள். "உன்னையும் ஒருநாள் கூப்பிட்டு, இந்த அந்தத்தில் இருந்து அந்த அந்தம்வரை கூட்டிக்கொண்டு நடப்பேன்" என்றும் எழுதியிருந்தீர்கள். காக்கா அந்த வரியை வாசித்துவிட்டுச் செருமினார். நான் பத்து வருஷமாக அந்த வரியை மனதுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன்.

அதனால் சொன்னேன், கடைப் பந்தலுக்கு வெளியே கல் வைத்தால்தானே தெரு ஒடுங்குகிறது, பந்தலுக்குக் கீழே கிடக்கிற சாக்கையும் பெட்டியையும் உள்ளே எடுக்கச் சொல்லி, சனத்தை அதற்குள்ளால் விட்டால் தெருவில் கரத்தைக்கும் இடம் இருக்கும் என்று. இதை யார் சொன்னது என்று துரை கேட்டார். என் புருஷன், பினாங்கில் இருக்கிறார் என்று சொன்னேன். அப்படிச் சொன்னபோது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. தானும் சிங்கப்பூரில் அதைக் கண்டிருப்பதாகத் துரை சொன்னாராம். யோசிப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காக்கா என்னோடு பேசுவதில்லை. "எங்கட மானத்தை ஒழுங்கையில போட்டுட்டாய்" என்று கத்திவிட்டுப் போனவர்தான். நீங்களும் கோபப்படலாம். கோபப்பட்டால் இங்கே வந்து கோபப்படுங்கள். உங்கள் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு காலம்!

மரியம்


மன்னார்
1937 அக்டோபர் 20

நசீறாவின் வாப்பா அவர்களுக்கு,

ஸலாம். அல்ஹம்துலில்லாஹ், உங்களுக்குப் பேரன் பிறந்திருக்கிறான். தாயும் பிள்ளையும் சுகம். மத்தியானச் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது நசீறாவுக்கு வலி என்று ஒரு ஆள் வந்து கூப்பிட்டார். கஞ்சித் தண்ணி அடுப்பில் கொட்ட, அப்படியே விட்டுவிட்டு ஒழுங்கையால் ஓடினேன். வழியெல்லாம் படலைகள் திறந்தன. "பயப்படாதே மரியம், போ போ" என்று ஒவ்வொரு வீட்டிலும் சத்தம் கேட்டது. நான் போய்ச் சேர்ந்து, அவளுடைய கையைப் பிடித்து, கொஞ்ச நேரத்தில் அவன் அழுதான். மூக்கு உங்கள் மூக்கு. மருமகன் எண்ணெய்க் கையோடு தூக்க வந்து ஏச்சு வாங்கினார்.

ஒழுங்கை தப்பிவிட்டது. பசாரில் கடைக்காரர் எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டு சாமானை உள்ளே எடுத்துவிட்டார்கள். பந்தலுக்குக் கீழே சனம் நடக்கிறது, கோட்டுக்குள் சைக்கிள், நடுவில் பஸ். கரத்தைகள் விடியற்காலையில் பஸ் வருமுன் சாமான் இறக்கிவிட்டுப் போகவேண்டும். காக்காவின் கடையில்தான் இப்போது ஆட்கள் அதிகம், ஏனென்றால் நடக்கிறவர்கள் எல்லோரும் அவருடைய சாமானை உரசிக்கொண்டுதான் போகவேண்டும். போன வெள்ளிக்கிழமை வந்து தேத்தண்ணி கேட்டார். கொடுத்தேன். கழுதைகளுக்கு மட்டும் இன்னும் ஒருவரும் சட்டம் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குப் பெயர் வைத்த மறுநாள், நான் பசாருக்குப் போனேன். பந்தலுக்குக் கீழே, இந்த அந்தத்தில் இருந்து அந்த அந்தம்வரை நடந்தேன். றஞ்சிதம் கூட வாறன் என்றாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதை நடப்பதென்றால் உங்களோடு நடக்கவேண்டும், இல்லாவிட்டால் தனியே நடக்கவேண்டும். வெயில் படவில்லை. நீங்கள் எழுதியது சரிதான்.

நோன்பு வருகிறது. பக்கீர் திரும்பவும் கப்பல் ஏறப்போகிறார், அவரிடம்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவரை இந்தமுறை நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்லவந்தார், நான்தான் வேறு கதை கதைத்தேன். எனக்குத் தெரியவேண்டியது தெரியும்.

ஒழுங்கைக்குள் கரத்தை நுழையாமல் இருக்க இரண்டு அந்தத்திலும் கல்லுத் தூண் நட்டிருக்கிறார்கள். நட்ட அன்றே போய்க் கையை விரித்து இடைவெளியை அளந்து பார்த்தேன். டிரங்குப் பெட்டியோடு ஒரு ஆள் வரலாம். பின்னால் இன்னொருத்தி வந்தாலும் வரலாம். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை வந்தாலும் இடிபடாது, ஒருவர் பின் ஒருவராக வந்தால் போதும். படலையைப் பூட்டுவதில்லை. அல்லாஹ் உங்களை, உங்களோடு யார் இருந்தாலும் அவர்களையும், பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
மரியம்