நனைத்த ரப்பர்

மார்ச் 3

புது வால்வுக்கு இன்று அறிமுக விழா. உள்ளங்கைக்குள் அடங்கும் நீலப் பிளாஸ்டிக் துண்டு அது. பிரேக் மிதி லேசாக இறங்க வேண்டுமானால் அதன் பின்னாலுள்ள டப்பாவில் வெற்றிடம் வேண்டும். முன்பெல்லாம் எஞ்சினே காற்றை உறிஞ்சிக் கொடுத்தது. இப்போதைய சிக்கன எஞ்சின்களுக்கு அவ்வளவு மூச்சு இல்லை. ஆகவே எங்கள் வால்வின் குறுகிய தொண்டை வழியாகக் காற்றை விரட்டி, கூடுதலாக உறிஞ்ச வைக்கிறோம். வெளியே போன காற்று திரும்பி வராமல் தடுக்க உள்ளே ஒரு ரப்பர் தட்டு. மேலாளரிடம் போன யோசனை மாதிரி, போனது போனதுதான்.

மேலாளர் என் மனைவியின் அண்ணன். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அதை மறக்க அவர் என்னை விட்டதில்லை. சோதனையில் நூற்றுக்கு நூறு தேறியதாக அறிவித்து, முதல் வால்வைத் தன் காரில் பொருத்திப் படம் எடுத்துக்கொண்டார். இரண்டாவது எங்கள் காருக்கு. மகள் கல்லூரிக்கு அதில்தான் போகிறாள்.

சோதனைப் பிரிவின் பொறுப்பாளன் என்ற முறையில் நானும் கைதட்டினேன்.

மார்ச் 9

நூற்றுக்கு நூறு என்றாலே எனக்குச் சந்தேகம். நான் வாங்கிப் பழகாதது.

சோதனை மேசையருகே போய் நின்றேன். அங்கே வேலை பார்க்கும் அம்மாள் ஈரப் பஞ்சில் விரலை ஒற்றி, ரப்பர் தட்டில் தடவி, வால்வை மூடி, வெற்றிடத்தை அளக்கும் மானியில் மாட்டினார். முள் ஆடவில்லை, அசையவில்லை. எதற்கு ஈரம் என்றேன்.

"காஞ்சிருந்தா முள்ளு இறங்கிடும் சார். தண்ணி பட்டா கப்புனு ஒட்டிக்கும். பெரிய சார்தானே இப்படிச் செய்யச் சொன்னாரு, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. பொறுப்பாளன் அல்லவா.

மார்ச் 10

காய்ந்த தட்டுகளோடு நானே சோதித்தேன். மூன்றில் ஒன்று கசிகிறது. கசிந்தால் பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும். சாலையில் ஈரப் பஞ்சோடு யார் ஓடி வருவார்?

மச்சானிடம் சொன்னேன்.

"எஞ்சின் பக்கம் எண்ணெய் ஆவி இருக்கும் மாப்ள, தானா நனைஞ்சுக்கும். நீங்க ரொம்பப் படிக்கிறீங்க, அதான் வம்பு."

கல்யாணமான நாளிலிருந்து என் படிப்பை அவர் ஒப்புக்கொண்டது இதுவே முதல் தடவை. வீட்டுக்கு வந்ததும் எங்கள் காரில் நீலத்தைக் கழற்றிப் பழைய கறுப்பு வால்வை மாட்டினேன்.

மார்ச் 11

"அண்ணன் குடுத்ததைக் கழட்டி எறிஞ்சா அவனுக்கு எப்படி இருக்கும்?" என்றாள் மனைவி. குழம்பில் உப்பு இல்லை. நான் கேட்கவில்லை.

மார்ச் 15

மச்சான் வந்திருந்தார். கண்ணாடி துடைக்கும் தண்ணீர் தீர்ந்துவிட்டதாம். நான் அவர் காரின் மூடியைத் தூக்கினேன். மனைவி தண்ணீர்க் குவளையோடு வந்தாள். ஊற்றவில்லை. உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, நம்ம வண்டியில இருக்கிற மாதிரி இங்கயும் கறுப்பா இருக்கே. உன் நீலம் எங்க?"

அவர் கொஞ்சம் சிரித்தார். "குழந்தைங்க போற வண்டிம்மா."

"மத்தவங்க வண்டியில என்ன, மூட்டையா போகுது?"

குவளையை அப்படியே தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் காபி குடிக்காமல் கிளம்பினார். தண்ணீரை நான் ஊற்றினேன். யாராவது ஊற்ற வேண்டுமே.

மார்ச் 16

மச்சான் தன் தங்கையிடம் தொலைபேசியில் சத்தியம் செய்தாராம்: இனி மேசையில் பஞ்சு இருக்காது, கசிவது எதுவும் வெளியே போகாது. இன்று குழம்பில் உப்பு இருந்தது.

மார்ச் 20

சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டார். மேசையிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டார்கள். என்னையும். நாளை முதல் பேக்கிங் பிரிவு.

மார்ச் 24

வேலை சுலபம். சோதனை முடிந்து வரும் வால்வுகள் இப்போது உள்ளே தண்ணீர் சொட்டச் சொட்ட வருகின்றன. வால்வுகளைப் பெட்டியில் அடுக்கி, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றைப் போட்டு மூட வேண்டும். நாளைக் காலை முதல் லாரி கிளம்புகிறது.

சாயங்காலம் மேலாளர் அறையிலிருந்து உத்தரவு வந்தது: இனிமேல் பெட்டிக்கு நான்கு பொட்டலம்.