எந்த இடத்தில் நின்றுகொள்கிறீர்கள்?

வட்டகொடை
12.03.2008

அன்புள்ள அம்மா,

திட்டாமல் படியுங்கள். நர்ஸ் லைசன்ஸ் சோதனையில் எழுத்துப் பகுதி தேறிவிட்டேன். வார்டில் நடந்த செய்முறையில்தான் கோட்டை விட்டேன்.

அட்டன் நர்ஸ் பள்ளியில் எங்களுக்குப் பாதிப் பாடம் கம்ப்யூட்டரில், மீதி ஆஸ்பத்திரியில் என்று எழுதியிருந்தேனே. கம்ப்யூட்டருக்குள் வரும் நோயாளி கேட்டதும் உண்மையைச் சொல்லிவிடுவார். சோதனையில் எனக்குக் கிடைத்த பேச்சியம்மா தேயிலைத் தோட்டத்து ஆள். "வலிக்குதாங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல தாயி" என்றார். அப்படியே எழுதினேன். சோதனை எடுத்த மிஸ் வயிற்றில் கை வைத்ததும் பேச்சியம்மா அலறிவிட்டார்!

சுகமில்லை என்றால் அன்றைய வேலைக்குப் பேர் விழாது, சம்பளம் போகும் என்று வாயை மூடியே பழகியவர்கள் நாம். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த எனக்கே அது தோன்றவில்லையே.

ஆகஸ்டில் இன்னொரு தடவை எழுதலாம். அதுவரை அங்கே வேலையை நீட்டிக்கக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் இல்லாமல் அப்பாவுக்குச் சோறே இறங்குவதில்லை.

உங்கள் மகள்
லோஜினி

குவைத்
20.04.2008

அன்பு மக லோஜினிக்கு,

அழுதியா? அழாத. வீட்டு மேடம் இன்னும் ரெண்டு வருசம் வேலைக்கு இருக்கச் சொல்லி நச்சரிக்கிறா. நீ பாஸானா வந்துருவேன். இல்லாட்டி கையெழுத்துதான், வேற வழி இல்ல.

ஒங்கப்பாவ வச்சுப் பழகு. அந்த மனுசன் உசுரு போனாலும் தலைவலின்னு சொல்ல மாட்டாரு. அவர்கிட்ட உண்மைய வாங்கிட்டீன்னா யார்கிட்டயும் வாங்கிரலாம்.

அம்மா
மீனம்மா

வட்டகொடை
30.08.2008

என் அம்மாவுக்கு,

பாஸ்! இந்தத் தடவை வீரம்மா என்றொருவர். வலிக்குதா என்று கேட்கவேயில்லை. "மலை ஏறுறப்ப எந்த எடத்துல நின்னுக்கிறீங்க?" என்றேன். "இப்பல்லாம் பாதியிலயே குந்திருறேன் தாயி" என்று தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. மிஸ் என் முதுகில் தட்டினார்.

எல்லாம் அப்பாவிடம் பழகியது. அவருக்கும் முழங்கால் நோவாம். மாதக்கணக்கில் மறைத்துவிட்டு இப்போதுதான் கக்கினார், கள்ளன்.

அம்மா, உங்களிடமும் கேட்கிறேன். அந்த வீட்டு மாடிப்படியில் நீங்கள் எந்த இடத்தில் நின்றுகொள்கிறீர்கள்?

லோஜினி

குவைத்
25.09.2008

என் தங்கத்துக்கு,

பாதிப் படியில நிக்கிறேன். துணிக்கூடைய கீழ வச்சிட்டு, நெஞ்சு அடங்குற வரைக்கும். மேடத்துக்குத் தெரிஞ்சா அனுப்பிருவா, ஒன் படிப்பு நின்னுருமேன்னு சொல்லல. இன்னிக்கு அவகிட்டயும் சொல்லிட்டேன். கையெழுத்துப் போடல.

தீவாளிக்கு முன்ன வந்துருவேன். ஸ்டேசனுக்கு அப்பாவ அனுப்பாத, நீ வா. அங்கேருந்து லயத்துக்கு ஒரே ஏத்தம். நான் நின்னு நின்னுதான் ஏறுவேன், அவசரப்படுத்தாத.

அம்மா