புளி தேய்த்த செப்புக்குடம்

1911 மார்ச்சு 4, சனி
மலை ஓடையில் காலை வைத்தால் கெண்டைகள் கூட்டமாக வந்து கடிக்கும். இன்று எவ்வளவோ நேரம் நின்றேன். ஒன்றுகூட வரவில்லை. தண்ணீர் மட்டும் தெளிவாக ஓடுகிறது.

மார்ச்சு 6
ஓடையில் நஞ்சு கலந்தான் என்று தோட்டக் காவல்காரன் சங்கிலிபூதத்தானை என் மகன் தானியேல் வேலையிலிருந்து நிறுத்திவிட்டான். கலந்தது சங்கிலிபூதத்தான்தான். போன மாதம் பேத்தி கிரேஸ் கலியாணத்துக்கு இலைக்கு இலை மீன் விழவேண்டும், மீனை மயக்கும் காக்காய்க்கொல்லி விதையை இடித்து மடுவில் போடு என்று சொன்னது யார்? அவன் என் பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பொய்ச்சாட்சி சொல்லாதே என்று ஐந்தாம் வகுப்பிலேயே மனப்பாடம். வாயை மூடிக்கொண்டிருப்பது எதில் சேரும்? லெந்து நோன்பு நாள் வேறு.

மார்ச்சு 9
இன்றும் நாலு தடவை ஓடைக்குப் போய்வந்தேன்.

ஜூன் 19
மீன் பிடிக்கிற சிவசைலம் நம் ஓடையில் விடப் பக்கத்து மலையோடையில் கெண்டைக் குஞ்சு பிடித்துத் தந்தான். என் சீதனச் செப்புக்குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுபோனேன். மண்பானை சுமக்க நான் என்ன கூலிக்காரியா? நம் ஓடைக்கு வந்து பார்த்தால் எல்லாம் வயிறு மேலே மிதக்கிறது.
“செம்பும் புளியும் மீனுக்கு ஆவாது ஆச்சி. பழைய மண்பானை வேணும். வழியில தண்ணி மாத்தணும்.”
“முன்னாலேயே சொல்ல வேண்டியதுதானலே?”
“நீங்க கேட்டியளாக்கும்!”

ஜூன் 23
பானையில் கொண்டுவந்தோம். பிழைத்தன. இனி எவனும் நஞ்சு போடாமல் காக்கவேண்டும். மடு தெரிந்தவன் சங்கிலிபூதத்தான் ஒருவன்தான். அவன் வீட்டு வாசலுக்கே போய்க் கூப்பிட்டேன்.
“நஞ்சு போட்டவன்ங்கிற இந்தப் பட்டத்தோட ஓடைப் பக்கம் வரமாட்டேன் ஆச்சி” என்றான். அவ்வளவுதான். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நானா? இந்தத் தலையா குனிய வேண்டும்?

ஜூன் 25, ஞாயிறு
ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே நிற்கும்போது சொல்லிவிட்டேன். “நஞ்சு போடச் சொன்னது நான்.”
“அம்மா, வீட்டுக்கு வாங்க” என்றான் தானியேல்.
“வீட்டுல சொல்லவால இங்க நிக்கேன்?”
எதிர்வீட்டுச் சாரம்மாள்தான் வாயைத் திறந்தாள். “அன்னைக்குக் கலியாணத்துல அந்த மீனுக்கு மறுசோறு வாங்கித் தின்னது நாமளும்தான்லா?”
 சாயங்காலம் தானியேல் தானாகவே சங்கிலிபூதத்தான் வீட்டுக்குப் போய் அவனைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுவிட்டு வந்தான்.

1912 பிப்ரவரி 10
மடுக்கரையில் சங்கிலிபூதத்தான். “பைய இறங்குங்க ஆச்சி, குஞ்சு மிரளுதுல்லா” என்று என்னையே அதட்டுகிறான். இறங்கினேன். பெருவிரலில் ஒரு கடி. பிறகு குதிகாலில். உலையில் அரிசி போட்டுவிட்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காலை எடுக்கவில்லை.